அடிப்பவர் யார்? அடி வாங்குபவர் யார்?

சூப்பர் ஹீரோ தொடர்களில் சண்டைக் காட்சி வந்துவிட்டால் நாம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். கதை ஒருபுறம் இருக்கட்டும், இனி அடிதடிதான் என்று சாய்ந்து உட்கார்ந்து இரசிக்கிறோம். ஆனால், ஒரு தொடர் எந்த இனத்தவரை எப்படிப் பார்க்கிறது என்பது வசனத்தைவிடச் சண்டையில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து. வசனத்தில் எல்லாரையும் சமமாகப் பேசிவிடலாம். சண்டையிலோ யாராவது ஒருவர் கீழே விழுந்தே ஆக வேண்டும். அமெரிக்கத் தொடர்கள் சிலவற்றைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

சண்டை எப்படி உருவாகிறது?

சண்டைக் காட்சி ஏறக்குறைய நடனம் போன்றது. சண்டைப் பயிற்சியாளர் கதாபாத்திரத்தின் குணத்திற்கேற்ப அசைவுகளை அமைப்பார். சண்டைக் கலைஞர்கள் அவற்றை ஒத்திகை பார்த்து, காணொளியாக எடுத்து இயக்குநரிடம் காட்டுவார்கள். பிறகு நடிகர் அதைப் பழகுவார். ஆபத்தான இடங்களில் அவருக்குப் பதிலாக 'டூப்' கலைஞர் நிற்பார். குத்து உண்மையில் முகத்தில் படுவதில்லை. கேமராவின் கோணமும், அடி வாங்குபவர் தலையைத் திருப்பும் நேரமும் சேர்ந்துதான் நம்மை நம்ப வைக்கின்றன. ஆகவே, நாயகனின் வீரத்தில் பாதி, அடி வாங்கி விழுபவரின் உழைப்பு எனலாம்.

காரோட்டியின் கைவரிசை

1966 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி கிரீன் ஹார்னெட்' தொடர் தொடங்கியது. நாயகன் பத்திரிகை அதிபரான ஒரு வெள்ளையர். அவருடைய பணியாளர், காரோட்டி, சண்டைத் துணைவர் எல்லாமே கேட்டோ ஒருவர்தான். 1964-இல் கலிபோர்னியாவின் லாங் பீச் கராத்தே போட்டியில் தம் கலையைச் செய்து காட்டிக் கவனம் பெற்ற புரூஸ் லீ அந்த வேடத்தில் நடித்தார்.

அக்காலத் தொடர்களில் சண்டை என்றால் கையை அகல வீசிக் குத்துவதுதான். இதே தயாரிப்பாளரின் 'பேட்மேன்' தொடரில் குத்து விழும்போதெல்லாம் திரையில் வண்ண எழுத்துகள் வெடிக்கும். புரூஸ் லீயோ குறைந்த அசைவில், மின்னல் வேகத்தில் அடித்தார். கேமராவுக்கு அந்த வேகம் பிடிபடாததால் அவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால், கேட்டோவுக்கு வசனம் மிகக் குறைவு. வானொலித் தொடராக இருந்தபோது ஜப்பானியராக அறிமுகமான இதே கேட்டோ, பின்னர் பிலிப்பினோ ஆக்கப்பட்டார். தொலைக்காட்சியில் சீன வம்சாவளியினர் ஒருவர் அவராக நடித்தார். எந்த ஆசியராக இருந்தாலும் சரி, காரை ஓட்டி எதிரியை அடித்தால் போதும் என்பதே அதன் பொருள். தொடர் 26 பாகங்களோடு 1967-இல் நின்றுபோனது. ஹாங்காங்கில் மக்கள் அதைக் 'கேட்டோ தொடர்' என்றே அழைத்தனர். யாருடைய சண்டை தொடரைத் தாங்கியது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பின்

2017 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் 'அயர்ன் பிஸ்ட்' வெளிவந்தது. 1974-இல் சித்திரக்கதையில் பிறந்த இந்நாயகன் ஒரு வெள்ளைக்கார அனாதை. மறைந்து கிடக்கும் கீழை நாட்டு நகரம் ஒன்றில் தற்காப்புக் கலை பயின்று, அங்கிருப்போர் அனைவரையும் மிஞ்சிவிடுகிறான். ஆசியரின் கலை சிறப்பானது, ஆனால் அதில் சிறந்தவர் ஆசியராக இருக்கத் தேவையில்லை என்பதே இக்கதையின் அடித்தளம். தொலைக்காட்சிக்காவது ஆசிய அமெரிக்கர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் எனப் பல இரசிகர்கள் முன்கூட்டியே கேட்டனர். இங்கிலாந்து நடிகர் பின் ஜோன்ஸ் தேர்வானார்.

விளைவு சண்டையில் தெரிந்தது. படப்பிடிப்புக்கு 15 நிமிடங்களுக்கு முன்புதான் சண்டை அசைவுகளைக் கற்ற நாள்கள் பல உண்டு என்று அவரே பேட்டியில் கூறினார். முதல் பருவத்தில் நாயகனுக்கு முகமூடியும் இல்லை. ஆகவே, டூப் கலைஞரை மறைக்கக் காட்சியைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டியிருந்தது. 2015-இல் வந்த 'டேர்டெவில்' தொடரின் புகழ்பெற்ற நடைபாதைச் சண்டையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகத்தை மூடிய நாயகன். ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் ஒரே மூச்சில் எடுத்ததுபோன்ற காட்சி. மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்து, மீண்டும் எழுந்து அடிக்கும் மனிதன். முகமூடியும் ஒத்திகையும் சேர்ந்து அதைச் சாத்தியமாக்கின. நேரம் தராத தயாரிப்பை விட்டுவிட்டு நடிகரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று.

வேடிக்கை என்னவென்றால், 'அயர்ன் பிஸ்ட்' நாயகன் வேடத்திற்காகத் தேர்வுக்குச் சென்றவர்களுள் லூயிஸ் டானும் ஒருவர். சண்டைப் பயிற்சியாளர் பிலிப் டானின் மகனான அவருக்கு எட்டாம் பாகத்தில் வரும் ஒரு வில்லன் வேடம் கிடைத்தது. குடிகாரரைப்போல் தள்ளாடித் தள்ளாடி அவர் போடும் சண்டை அந்தப் பருவத்தின் சிறந்த காட்சிகளுள் ஒன்று. நாயகனிடம் தோற்பதற்காக அழைக்கப்பட்டவர், நாயகனைவிட நன்றாகச் சண்டையிட்டார். கேட்டோவின் கதை 50 ஆண்டுகள் கழித்தும் முடியவில்லை.

எனினும், 2018-இல் வந்த இரண்டாம் பருவத்தின் இறுதியில் அந்தச் சக்தி கோலீன் விங் என்னும் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. அவராக நடித்த ஜெசிக்கா ஹென்விக்கின் தாயார் சிங்கப்பூர்ச் சீனர். ஆனால், அதே ஆண்டு அக்டோபரில் தொடர் நிறுத்தப்பட்டது.

சாயம் பூசிய டூப்

திரைக்குப் பின்னாலும் இனம் உண்டு. கறுப்பின நடிகருக்கு டூப்பாக வெள்ளையருக்கே கறுப்புச் சாயம் பூசி நிறுத்துவது ஹாலிவுட்டின் பழைய வழக்கம். வேலை கிடைக்காத கறுப்பினச் சண்டைக் கலைஞர்கள் 1967-இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2014-இல் 'கோத்தம்' தொடரில் கறுப்பின நடிகை ஒருவருக்கு டூப்பாக வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சாயம் பூச ஏற்பாடு நடந்தது. செய்தி வெளியானதும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

அசையாமல் அடிப்பவர்

2016-இல் வந்த 'லூக் கேஜ்' வேறொரு வழியைக் காட்டியது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வாழும் இக்கறுப்பின நாயகனின் தோலைத் தோட்டா துளைக்காது. ஆகவே, அவருக்கு அடவுகள் தேவையில்லை. குண்டு மழைக்குள் நிதானமாக நடக்கிறார். எதிரியை ஈயை விரட்டுவதுபோல் தட்டிவிடுகிறார். தலையை மூடும் 'ஹூடி' சட்டை மட்டும் சல்லடையாகிறது. 2012-இல் புளோரிடாவில் 'ஹூடி' அணிந்து நடந்துபோன டிரேவன் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சட்டையின் ஓட்டைகள் வெறும் அலங்காரமாகத் தெரியா. இங்கே சண்டை அமைப்பே கருத்தாகிவிட்டது.

நமக்கு இதில் என்ன?

தமிழ்ப்பள்ளியில் நாடகம் போட்டபோது அரசனும் நாங்களே, திருடனும் நாங்களே. நல்லவன், கெட்டவன் என்ற பிரிவு இருந்தது. அதற்கு இனம் இருக்கவில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு, நாடகத்தில் குண்டர் வேடம் என்றாலே எல்லார் பார்வையும் பின்வரிசை இந்திய மாணவர்கள் பக்கம் திரும்பும். சீன நண்பனை 'குங்பூ காட்டு' என்பார்கள். அவன் மேசைப்பந்துகூட ஆடாதவன். யாரும் எங்களை வெறுக்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். திரையில் பார்த்துப் பார்த்துப் பழகிய வேடங்களைத்தான் எங்களிடம் நீட்டினார்கள்.

நம்மில் சிலர் நாளை குறும்படம் எடுப்போம். சிலர் தொலைக்காட்சியில் வேலை செய்வோம். சண்டைக் காட்சி எழுதும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். யாருடைய முகம் தெரிகிறது? யாருக்குப் பெயர் இருக்கிறது? விழுபவர்கள் எல்லாரும் ஒரே இனமாக இருக்கிறார்களா? எழுதப் போகாதவர்களும் அடுத்த தொடரைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்கலாம். சண்டையின் சுவை குறையாது. கீழே விழுந்து கிடப்பவரையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம், அவ்வளவுதான்.