வெளிநாட்டுக் கடற்கரைக்கு டூர்: கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், இன்டர்நெட்டில் ரயில் டிக்கெட் எடுக்கப் பழகியவுடன் அடுத்ததாக வெளிநாட்டு டூர் பற்றித் தேடத் தொடங்குவார்கள். ஏஜென்ட் உதவி இல்லாமல் அனைத்தையும் நாமே ஏற்பாடு செய்திடலாம். ஆனால், தேடியவுடன் முதலில் தெரியும் தளத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாறுபவர்களும் உண்டு. தாய்லாந்தின் புக்கெட் தீவில் உள்ள பதோங் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விமானம் இறங்குவது முதல் இரவுக் கேளிக்கை வரை எப்படித் திட்டமிடுவது எனப் பார்க்கலாம்.

1. தனி போல்டர்: டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து புதிய போல்டர் ஒன்றை உருவாக்கவும். டிக்கெட், ஓட்டல் ரசீது, பாஸ்போர்ட் ஸ்கேன், இன்சூரன்ஸ் என அனைத்து பைல்களையும் இதில் சேவ் செய்திடவும். இணையப் பக்கம் ஒன்றைப் பாதுகாக்க, கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டர் பெயருக்குப் பதிலாக பி.டி.எப். என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. நுழைவுப் படிவம்: 2025 மே 1 முதல், தாய்லாந்து செல்லும் வெளிநாட்டவர் டிஜிட்டல் அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் இதை அனுப்பலாம். இதற்குக் கட்டணம் இல்லை. இங்குதான் கவனம் தேவை. தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தனியார் தளங்களும் கிடைக்கும். முகவரியைப் பாருங்கள். முதல் ஒற்றைச் சாய்வுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஜி ஓ, புள்ளி, டி எச் என முடிந்தால் அது தாய்லாந்து அரசின் தளம். இந்த எழுத்துகள் முகவரியின் நடுவில் வந்து, காம் என முடிந்தால் அது அரசுத் தளம் அல்ல. பூட்டு அடையாளம் இருக்கிறதே என நம்பிவிட வேண்டாம். போலித் தளத்திலும் பூட்டு இருக்கும்.

இரவு 11 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறினால், மறுநாள்தான் இறங்குவீர்கள். தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி கூடுதல். படிவத்திலும் ஓட்டல் முன்பதிவிலும் இறங்கும் தேதியையே தரவும். இந்தப் படிவம் விசா அல்ல. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் முன் தாய்லாந்து தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடவும்.

3. ஓட்டல்: "கடற்கரை அருகில்" என எல்லா ஓட்டல்களும் சொல்லும். கூகுள் மேப்ஸில் ஓட்டல் மீது ரைட் கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, பின் கடற்கரையில் கிளிக் செய்தால் உண்மை தெரிந்துவிடும். விமான நிலையம் தீவின் வடக்கில் உள்ளது. பதோங் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். எனவே டாக்சி செலவையும் கணக்கில் சேர்க்கவும்.

4. கடல்: மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அறை வாடகை குறையும். ஆனால் அலைகள் சீறும், நீரோட்டம் உள்ளே இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால், நீச்சல் தெரிந்தவர்களும் இறங்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று நம் நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே சுனாமி பதோங்கையும் தாக்கியது. மேட்டுப் பகுதிக்குச் செல்லும் வழியைக் காட்டும் பலகைகள் அங்கு உள்ளன. ஓட்டலிலிருந்து அந்த வழியை மேப்பில் பார்த்து வைக்கவும்.

5. இரவு: பதோங்கில் பார்களும் பாட்டும் நிறைந்த இடம் பங்களா ரோடு. மாலைக்குப் பின் வாகனங்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் விடுவார்கள். குழந்தைகளுடன் செல்பவர்கள் இந்தத் தெருவிலிருந்து தள்ளி அறை எடுத்தால்தான் தூங்க முடியும். 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது அங்கு குற்றம். இ-சிகரெட் கொண்டு செல்லவே கூடாது. யாராவது கூப்பிட்டு உள்ளே அழைத்தால், விலைப் பட்டியலைப் பார்த்த பின்பே உட்காரவும். கார்டில் பணம் கட்டும்போது ரூபாயா, பாட்டா எனக் கேட்டால் பாட் எனச் சொல்லவும். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக் கொள்வார்கள். வாடகைக்கு பைக் அல்லது ஜெட் ஸ்கீ எடுத்தால், முன்பே இருக்கும் கீறல்களைப் போட்டோ எடுத்துக் கொள்ளவும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக, போல்டரில் உள்ள பைல்களை இரண்டு பிரதிகள் பிரிண்ட் எடுத்து, ஒன்றை வீட்டில் இருப்பவர்களிடம் கொடுங்கள். மற்றொன்றின் மேல், தாய்லாந்து சுற்றுலாப் போலீசாரின் எண்ணான 1155 என்பதைப் பெரிதாக எழுதி, பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள்.