கார்டைப் பார்த்துவிட்டுக் கம்பைலரைத் தேர்ந்தெடுங்கள்

திருப்பூரில் பின்னல் துணியின் தரம் பார்ப்பது இன்றும் பெரும்பாலும் மனிதக் கண்தான். செக்கிங் மெஷினில் விளக்கு வெளிச்சத்தின் மேல் துணி ஓடும். எதிரே நிற்பவர் ஓட்டை, நீடில் லைன், லைக்ரா கட், எண்ணெய்க் கறை என்று கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவார். 30 இன்ச் டயா, 24 கேஜ் வட்டப் பின்னல் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். அதில் ஒன்று உடைந்தால், யாராவது பார்த்து நிறுத்தும்வரை துணியின் நீளத்துக்கும் ஒரே கோடு. அது சாயப்பட்டறைக்குப் போய் வந்த பிறகு தெரிந்தால் சாயக்கூலியும் சேர்ந்து நஷ்டம்.

போர்ச்சுகலின் ஸ்மார்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் வட்டப் பின்னல் மெஷினிலேயே கேமராவைப் பொருத்தி இந்தக் குறைகளைப் பிடிக்கின்றன. அதைப் பார்த்ததும், "ஒரு கேமராவும் கேமிங் கார்டும் வாங்குனா நாமளே பண்ணிப்போடலாமுங்க" என்று இங்கே ஒரு நிட்டிங் யூனிட்காரருக்கோ, அவர் வீட்டில் இன்ஜினியரிங் முடித்த பையனுக்கோ தோன்றுவது இயல்புதான். தோன்றியதில் தவறும் இல்லை. குறைகளைப் படம் எடுத்துச் சேர்ப்பது, மாடலுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் பொறுமை இருந்தால் நடக்கும். ஆனால் அதற்கு முன்பே, மென்பொருளை அந்தக் கணினியில் கட்டி எழுப்பும் இடத்தில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது மட்டும்.

மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும் பைடார்ச் நூலகத்தைப் பைத்தானின் பிப் கட்டளையில் நிறுவினால் சிக்கலில்லாமல் ஓடும். என்விடியா கார்டில் கணக்குகளை ஓட்டத் தனக்கு வேண்டிய குடா நூலகங்களை அது கையோடு கொண்டுவந்துவிடுகிறது. கஷ்டம் அடுத்த படியில் வரும். கேமராப் படத்தை வேகமாகச் சுருக்கவும் நறுக்கவும் ஓப்பன்சிவி நூலகம் வேண்டும். பிப்பில் கிடைக்கும் ஓப்பன்சிவி சிபியுவில் மட்டும் ஓடுவது. ஜிபியுவில், அதாவது அந்த கேமிங் கார்டில், ஓட வேண்டுமென்றால் மூல நிரலை எடுத்து நாமே கம்பைல் செய்யவேண்டும். செய்கிறோம். பில்டை அமைத்துக் கொடுக்கும் சிமேக் ஓடுகிறது, கம்பைல் செய்யும் மேக் ஓடுகிறது, திரையில் இந்த வரி வருகிறது: "அன்சப்போர்ட்டட் க்னூ வெர்ஷன்! ஜிசிசி வெர்ஷன்ஸ் லேட்டர் தேன் 11 ஆர் நாட் சப்போர்ட்டட்!"

ஜிசிசி என்பது கணினியில் ஏற்கெனவே உள்ள சி++ கம்பைலர். அது புதியதாக இருந்தால் ஏன் ஆகாது? என்விடியாவின் என்விசிசி என்பது தனியாக நின்று எல்லாம் செய்யும் கம்பைலர் அல்ல. ஒரு நிரலைக் கொடுத்தால் அதை இரண்டாகப் பிரிக்கும். ஜிபியுவில் ஓடவேண்டிய பகுதியைத் தானே மொழிபெயர்க்கும். சிபியுவில் ஓடவேண்டியதை உங்கள் கணினியில் உள்ள ஜிசிசியிடம் தள்ளிவிடும். பிரிப்பதற்கு முன் முழு நிரலையும், அதில் இழுத்துக்கொள்ளப்படும் ஜிசிசியின் சி++ ஹெடர் கோப்புகளையும் என்விசிசி ஒருமுறை படித்தாகவேண்டும். ஜிசிசி புதிதாகும்போது ஹெடர்களில் புதிய எழுத்து முறைகள் நுழைகின்றன. பழைய என்விசிசிக்கு அவை விளங்காது. அதனால்தான் ஒவ்வொரு குடா வெளியீட்டிலும் "இந்த ஜிசிசி வரைதான்" என்று ஓர் எல்லையை ஒரு ஹெடர் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த எல்லைகள் இவை. குடா 10.2க்கு ஜிசிசி 8, 11.0க்கு 9, 11.8க்கு 11, 12.0க்கு 12, 12.4க்கு 13, 12.8க்கு 14. இந்தப் பக்கம் லினக்ஸ் வகையான உபுண்டு 20.04 தன்னோடு ஜிசிசி 9ஐக் கொண்டுவருகிறது, 22.04இல் 11, 24.04இல் 13. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். புதுக் கணினியில் உபுண்டு 24.04ஐப் போட்டு, யாரோ எழுதி வைத்த பழைய குறிப்பைப் பார்த்துக் குடா 11.8ஐ நிறுவினால் மேலே சொன்ன பிழை வராமல் இருக்காது.

அட்டவணையில் பொருந்தினால் போதுமா என்றால், அதுவும் இல்லை. உபுண்டு 22.04இல் ஏப்ட் கட்டளையில் குடா கேட்டால் 11.5 வரும். அது ஜிசிசி 11ஐ ஏற்கும் என்றே அட்டவணை சொல்கிறது. கம்பைல் செய்தால் ஜிசிசியின் ஒரு ஹெடர் கோப்பின் 435ஆம் வரியைக் காட்டி, "பாராமீட்டர் பேக்ஸ் நாட் எக்ஸ்பாண்டட்" என்று நிற்கும். உங்கள் நிரலில் எந்தத் தவறும் இருக்காது. பக்கத்தில் ஜிசிசி 10ஐ நிறுவிக்கொள்ளலாம், அல்லது 11.5ஐ எடுத்துவிட்டு 11.8க்குப் போகலாம். இரண்டில் ஒன்று செய்தால் தீரும்.

நூல் வாங்குகிறவர்களுக்கு இது புதுப் பாடம் அல்ல. இரண்டு லாட் நூலும் தனித்தனியே முதல் தரம்தான். ஒரே மெஷினில் கலந்து ஓட்டினால் சாயம் ஏறியதும் பட்டை பட்டையாகத் தெரியும். கோனில் லாட் எண்ணைப் பார்க்கிற பழக்கம் கணினி முன் உட்கார்ந்ததும் நமக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

பிழை வந்ததும் பலர் செய்கிற ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள். கணினி முழுமைக்குமான ஜிசிசியைக் கீழிறக்கவேண்டாம். லினக்ஸ் கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் என்விடியா டிரைவரின் ஒரு பகுதி உங்கள் கணினியிலேயே மறுபடி கம்பைல் ஆகிறது. கெர்னலைக் கட்டிய அதே ஜிசிசி அதற்கு வேண்டும். உபுண்டு 22.04இல் கெர்னல் 6.5 வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கெர்னல் ஜிசிசி 12இல் கட்டப்பட்டது. கணினியில் இருந்ததோ 11. டிரைவர் கம்பைல் ஆகாமல் நின்று, மறுநாள் காலை திரையே வராமல் திகைத்தவர்கள் பலர். ஆகவே தேவைப்படும் ஜிசிசியைக் கூடுதலாக நிறுவிக்கொண்டு, "இந்த வேலைக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்" என்று என்விசிசியிடம் சொல்லுங்கள். நேரடியாக ஓட்டினால் 'சிசிபின்' என்ற விருப்பம் இதற்கு உண்டு. சிமேக் வழியாகப் போனால் குடா ஹோஸ்ட் கம்பைலர் என்ற மாறியில் பாதையைக் கொடுக்கவேண்டும். கொடுத்த பிறகும் பழைய பிழையே வந்தால் பயப்படவேண்டாம். சிமேக் முதல் ஓட்டத்தில் கண்டுபிடித்த கம்பைலரைத் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் என்ன மாற்றினாலும் திரும்பிப் பார்க்காது. பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். மணிக்கணக்கில் தேடிய பல பிழைகள் இந்த ஒரு அழிப்பில் போய்விடுகின்றன.

'ஆதரவில்லாத கம்பைலரையும் அனுமதி' என்று சொல்லும் ஒரு விருப்பமும் என்விசிசியில் இருக்கிறது. பிழைச் செய்தியே அதன் பெயரைச் சொல்லிக் கொடுக்கும். கூடவே, கம்பைல் ஆகாமல் போகலாம், கம்பைல் ஆனாலும் ஓடும்போது விடை தப்பாகலாம், பொறுப்பு உங்களுடையது என்றும் சொல்லும். அந்த எச்சரிக்கையை மெய்யாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது என் கட்சி. கம்பைல் ஆகாவிட்டால் தெரிந்துவிடும். ஓட்டையை ஓட்டை இல்லை என்று சத்தமில்லாமல் விட்டுவிடும் மென்பொருளை எப்போது கண்டுபிடிப்பீர்கள்? துணி கட்டிங் டேபிளுக்கு வந்த பிறகுதான்.

அடுத்தது, பலரைச் சுற்றிவிடும் மூன்று எண்கள். என்விடியா எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்தால் மேலே வலப்பக்கம் 'குடா வெர்ஷன் 12.4' என்பதுபோல ஓர் எண் வரும். அந்தக் குடா உங்களிடம் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. இப்போதுள்ள டிரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்று மட்டும் அது சொல்கிறது. உண்மையில் நிறுவியிருக்கும் குடா டூல்கிட் எது என்பதை என்விசிசியின் வெர்ஷனைக் கேட்டால்தான் தெரியும். மூன்றாவது, பைடார்ச் எந்தக் குடாவில் கட்டப்பட்டது என்பது. அதைப் பைத்தானுக்குள் கேட்கவேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருந்தாலும், பைடார்ச்சை வெறுமனே ஓட்டுவதற்குப் பிரச்சினை இல்லை. பைடார்ச்சோடு சேரும் ஒரு நீட்சியை நீங்களே கம்பைல் செய்யும்போதுதான் இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகவேண்டும். 11க்கும் 12க்கும் இடையே வித்தியாசம் என்றால் அது பிழை காட்டி நின்றுவிடும், 12.1க்கும் 12.4க்கும் இடையே என்றால் எச்சரித்துவிட்டுத் தொடரும். டிரைவர் எண் மட்டும் டூல்கிட்டைவிட மேலே இருந்தால் நல்லது. லினக்ஸில் குடா 12 வரிசைக்கு டிரைவர் 525ஆவது வேண்டும், 13க்கு 580.

இதையெல்லாம் விட முதலில் பார்க்கவேண்டியது கார்டு. காரணம், மற்றவற்றை மாற்றலாம். காசு கொடுத்து வாங்கிய கார்டை மாற்ற முடியாது. ஒவ்வொரு என்விடியா கார்டுக்கும் ஒரு கட்டமைப்பு எண் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 8.6, அதைப் புரிந்துகொள்ள குடா 11.1ஆவது வேண்டும். 40 வரிசை 8.9, குறைந்தது 11.8. 50 வரிசை 12.0, குறைந்தது 12.8. பழைய டூல்கிட்டில் புதுக் கார்டுக்குக் கம்பைல் செய்யச் சொன்னால், இப்படியொரு கட்டமைப்பே தெரியாது என்று என்விசிசி உடனே சொல்லிவிடும். பழைய கார்டுக்காகக் கட்டியதைப் புதுக் கார்டில் ஓட்டும்போது கதை வேறு. கம்பைல் ஆகி, ஓடவும் தொடங்கி, முதல் படத்தில் "நோ கெர்னல் இமேஜ்" என்று விழக்கூடும். எதிர்த்திசையிலும் பள்ளம் இருக்கிறது. ஆஃபீஸில் கிடக்கும் பழைய ஜிடிஎக்ஸ் 1050 அல்லது 1080இல் பழகலாம் என்று நினைத்தால் குடா 13 பக்கம் போகாதீர்கள். அந்தக் கார்டுகளின் பாஸ்கல் தலைமுறைக்கான கம்பைல் வசதியை அது கைவிட்டுவிட்டது. 12 வரிசையிலேயே நின்றுகொள்ளுங்கள்.

மெஷின் பக்கத்தில் பெரிய கணினி வைக்க இடமில்லை, பஞ்சுத் தூசி வேறு என்று என்விடியாவின் கையடக்க ஜெட்சன் போர்டு வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் இறுக்கமாக. 2019இல் வந்த ஜெட்சன் நானோ, உபுண்டு 18.04, குடா 10.2, ஜிசிசி 7, பைத்தான் 3.6 என்ற அளவிலேயே அதிகாரபூர்வமாக நின்றுவிட்டது. இன்றைய நூலகங்கள் பல அதில் ஏறாது. செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன் யோசியுங்கள். ஓரின் வகை ஜெட்சனில் ஜெட்பேக் 6 என்ற மென்பொருள் தொகுப்பு உபுண்டு 22.04ஐயும் குடா 12ஐயும் தருகிறது.

சிமேக்கிலும் ஒரு புது முள் உண்டு. 2025இல் வந்த சிமேக் 4.0, 3.5க்கு முந்தைய பழக்கத்தில் எழுதப்பட்ட திட்டங்களை ஏற்க மறுக்கிறது. பிப்பில் சிமேக் கேட்டால் புதியதுதான் வரும் என்பதால், நேற்றுவரை ஓடிய பில்ட் இன்று நிற்கும். பழைய 3 வரிசை சிமேக்கை எண் குறிப்பிட்டு நிறுவினால் தீர்ந்தது.

எல்லாம் கட்டி முடித்து யூனிட்டில் நிறுவிய பிறகு, ஒருநாள் நைட் ஷிப்டில் "டிரைவர், லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று வந்தால், யாரும் எதையும் தொடவில்லை என்று ஆபரேட்டர் சொல்வது உண்மையாகவே இருக்கும். உபுண்டு பின்னணியில் டிரைவரைத் தானாகப் புதுப்பித்திருக்கும். கெர்னலில் ஏற்றியிருப்பது பழையது, டிஸ்கில் இருப்பது புதியது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். மறுபடி வராமலிருக்க டிரைவர் பொதிகளை ஏப்ட்-மார்க் ஹோல்டு கொடுத்துப் பூட்டிவையுங்கள். ஷெட்டில் ஓடும் கணினிக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு தேவையே இல்லை.

பல யூனிட்களில் நிறுவப் போகிறீர்கள் என்றால், மென்பொருளையும் அதற்கு வேண்டியதையும் ஒரே இமேஜாகக் கட்டும் டாக்கரைக் கற்றுக்கொள்ளுங்கள். என்விடியா வெளியிடும் குடா இமேஜ்களில் டூல்கிட்டும் உபுண்டுவும் பொருத்தியே வரும். வெளியே கணினியில் டாக்கரோடு டிரைவரும் என்விடியா கன்டெய்னர் டூல்கிட்டும் இருந்தால் போதும். பெயரில் 'டெவல்' என்று வருவதில்தான் என்விசிசி இருக்கும், 'ரன்டைம்' என்பதில் இருக்காது. இதைக் கவனிக்காமல் கம்பைலர் காணோம் என்று தேடுகிறவர்கள் உண்டு.

கடைசியாக, உதவி கேட்கும்போது பிழையின் கடைசி வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். "எரர் 2" என்று முடியும் அந்த வரியில் ஒன்றுமே இல்லை. பல கோர்களில் ஒரே நேரம் கம்பைல் ஆகும்போது உண்மையான பிழை நூறு வரி மேலே புதைந்துபோயிருக்கும். ஒரே கோரில் மறுபடி ஓட்டி, முதன்முதலில் வரும் பிழை வரியை எடுங்கள். அதோடு கார்டின் பெயர், டிரைவர் எண், டூல்கிட் எண், ஜிசிசி எண், சிமேக் எண், பைடார்ச் எண் ஆறையும் எழுதி அனுப்புங்கள். வேலை ஓடிய அன்றே இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டியும் வையுங்கள். அடுத்து அந்தக் கணினியைத் தொடப்போகிறவர் நீங்களாகவே இருந்தாலும் அது தேவைப்படும்.