கம்ப்யூட்டருக்கு ஒரு துபாஷி

1902-ம் வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோன் தட்டுக்குப் பாடியபோது, சுமார் மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தை முடித்தாக வேண்டியிருந்தது. இன்றோ, கோட்டக்குப்பத்து வீட்டுக் கூடத்திலேயே முழுக் கச்சேரியையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடலாம். ஆனால் மைக்கின் பாஷை கம்ப்யூட்டருக்குப் புரியாது. பக்கத்துப் புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தாரல்லவா? அந்த உத்தியோகத்தைத்தான் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்னும் சிறு பெட்டி பார்க்கிறது. மின்னலைகளை எண்களாக மொழிபெயர்க்கிறது.

வாங்குமுன் மைக்குகளை எண்ணிக்கொள்ளுங்கள். வீணைக்கு ஒன்று போதும். மிருதங்கத்துக்கோ வலந்தலை, தொப்பி இரண்டுக்கும் தனித்தனியே வைப்பது உத்தமம். சிக்கனம் கருதி ஒரே மைக்குக்கு இடமுள்ள பெட்டியை வாங்கினால், இரு நாதமும் கலந்துவிடும். பிறகு பிரிக்க அன்னப்பட்சிதான் வரவேண்டும்!

கண்டென்ஸர் மைக்குக்கு 48 வோல்ட் தரும் வசதி அவசியம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளமாய்ப் போதும். 192 என்ற விளம்பரத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வாசிப்பவர் காதுக்கு ஒலி தாமதித்து வந்தால் தாளம் தடுமாறும். ஆகையால் பெட்டியிலிருந்தே நேராகக் கேட்கும் வசதியுண்டா என்று பாருங்கள்.

மிச்சப் பணத்தில் ஜன்னலுக்குக் கனத்த திரை வாங்கலாம். இல்லாவிட்டால் கடற்கரைச் சாலை பஸ்ஸின் ஹாரனும் பக்கவாத்தியமாகிவிடும். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வீட்டுப் பெரியவரின் விரல் நாதம் மறுபடி வாய்க்குமா?