உஷார்! உங்கள் கையெழுத்தை வாடகைக்குக் கேட்கிறார்கள்

வீட்டில் பார்மசி படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை இருந்தால், முதலில் இதை அவர் கையில் கொடுங்கள். "சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க தம்பி, கடைக்கு வரவே வேண்டாம். மாசம் பொறந்தா பணம் அக்கவுண்ட்ல விழும்" என்று ஓர் அழைப்பு இன்றோ நாளையோ வரும். பேசுகிறவர் முன்பின் தெரியாதவராக இருக்கமாட்டார். சித்தப்பாவின் நண்பர், கல்லூரி சீனியர், மொத்த மருந்து வியாபாரியின் ஆள் என்று யாராவது நெருங்கியவராகத்தான் இருப்பார். "ஊர்ல எல்லாரும் பண்றதுதானே" என்பார். எல்லாரும் பண்ணுவதில்லை. ஆனால் பண்ணுகிறவர்கள் குறைவும் இல்லை. அதனால்தான் இதில் இருக்கும் ஆபத்து யார் கண்ணுக்கும் ஆபத்தாகத் தெரிவதில்லை.

சர்டிபிகேட்டைக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்கவேண்டும் என்கிறது 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி. அதற்காகத்தான் உங்கள் பெயர் கடையின் லைசென்ஸில் ஏறுகிறது. நீங்களோ வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறீர்கள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். ஆனால் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை "தினம் ஒண்ணு" என்று அவன் கவரில் எழுதிக் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அந்த மாத்திரையைப் பார்த்ததும் "வாரத்துக்கு ஒருதடவைதான், மறந்துடாதீங்க" என்று இரண்டு முறை சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வருடப் படிப்பு, பதிவு, கவுன்சில் எல்லாம்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. 2014 மார்ச் முதல், மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கவேண்டும். எழுதிய டாக்டர் யார், வாங்கிய நோயாளி யார், எவ்வளவு மருந்து போனது என்று குறித்து மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும். டிரமடால் என்ற வலி மாத்திரை, அல்பிரசோலாம் எல்லாம் இந்த அட்டவணையில் வருகிறவை. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. போதைக்காக வலி மாத்திரை தேடி அலையும் கூட்டம் எந்தக் கடையில் சீட்டு கேட்கமாட்டார்கள் என்று தேடிப்பிடித்துப் போகும். ஆள் இல்லாத கடை அதற்கு வசதி. போலீஸ் ஒருநாள் அந்தப் பதிவேட்டைப் புரட்டும்போது பொறுப்பு மருந்தாளுநர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கும்? முதலாளிக்கு வக்கீல் இருக்கிறார், அரசியல் பழக்கம் இருக்கிறது. உங்களுக்கு மாதவாடகை வந்ததற்கான பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் இருக்கிறது, அதுவும் உங்களுக்கு எதிரான சாட்சியாக.

மருந்துக்கடை இதன் ஒரு முகம்தான். சிவில் இன்ஜினியர்களிடம் ரப்பர் ஸ்டாம்பைக் கேட்கிறார்கள். பள்ளி, திருமண மண்டபம், அடுக்குமாடி என்று எதுவானாலும் 'கட்டடம் உறுதியாக உள்ளது' என்று ஒரு சான்று வேண்டும். "போய்ப் பாக்கவே வேண்டாம் சார், நல்ல கட்டடம், சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்பார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகைப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த வழக்கில் பத்து வருடம் கழித்து, 2014 ஜூலை 30 அன்று, தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் ஒருவர். மேல்முறையீட்டில் 2017இல் உயர் நீதிமன்றம் பலரை விடுவித்தது என்பது வேறு விஷயம். பத்து வருடம் கோர்ட் படியேறுவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்தத் தீர்ப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2014 ஜூன் 28 அன்று, சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். அங்கேயும் கட்டியவர்களோடு சேர்ந்து பொறியாளர்களும் கைதானார்கள்.

மருந்து ஆலையிலும் இதே கதைதான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தை 2025 அக்டோபரில் தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தது. டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் அந்த மருந்தைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. இந்த விஷம் புதிதும் அல்ல, 1937இலேயே அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதே பொருளால் செத்திருக்கிறார்கள். மருந்து தயாரிக்கும் இடத்தில் உற்பத்திக்கு ஒருவர், சோதனைக்கு ஒருவர் என்று தகுதியுள்ள ஆட்களின் பெயரைக் கொடுத்துத்தான் உரிமம் வாங்கவேண்டும். மூலப்பொருள் வந்து இறங்கியதும் சோதித்துப் பார்த்து, சரியில்லாததைக் கூடாது என்று நிறுத்தி வைப்பதுதான் அந்தச் சோதனையாளரின் முழு வேலையும். அதைச் செய்யாமல் தாளில் மட்டும் 'சரி' என்று எழுதினால் எந்த மருந்துக்கும் காவல் கிடையாது.

பொறியியல் கல்லூரி விவகாரத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் ஒரே நேரத்தில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்கு காட்டப்பட்டிருக்கிறார் என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. அவர்கள் சொன்ன கணக்கு 353 ஆசிரியர்கள். அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது. அதே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் மனித விழுமியங்களுக்கும் தொழில் அறத்துக்கும் என்றே தனித் தாள் இருக்கிறது. அதை நடத்தியவர் உண்மையிலேயே வகுப்புக்கு வந்தாரா என்று அந்த மாணவர்களைத்தான் கேட்கவேண்டும்.

சர்டிபிகேட்டையும் கையெழுத்தையும் ஏன் கொடுக்கிறார்கள்? பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டி.பார்ம் முடித்தவருக்குக் கடையில் நாள் முழுக்க நின்றால் கிடைக்கும் சம்பளம் கல்விக் கடனின் தவணைக்கே பத்தாது. கடைக்குப் போகாமலே அதில் ஒரு பங்கு கிடைக்கிறது, வேறு வேலையும் பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? ஆக, குறைந்த சம்பளத்தில் ஆள் வைக்கப் பார்க்கும் முதலாளிகளும், இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் ஆள் இருந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரிகளும் சேர்ந்து உருவாக்கிய சந்தை இது. ஆனால் மாட்டிக்கொள்ளும்போது சந்தையைக் கூண்டில் ஏற்ற முடியாது. கையெழுத்து போட்டவர்தான் ஏறுவார்.

இப்போது கம்ப்யூட்டர் வந்தபின் கையெழுத்துக்குக் கையே தேவையில்லை. விரல் நீள யூ.எஸ்.பி. டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்தை ஏற்றி ஆடிட்டர் ஆபீஸ் மேசை டிராயரில் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதிலேயே ஒட்டியும் வைக்கிறோம்! 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது பேனாவால் போட்ட கையெழுத்துக்குச் சமம். 'பேருக்கு டைரக்டர்' ஆன டிரைவர்களும் உதவியாளர்களும் பிறகு தெரியாத கம்பெனியின் கடனுக்குப் பதில் சொல்லித் திண்டாடுவது இப்படித்தான். டோக்கனைத் திரும்ப வாங்கி வீட்டில் வையுங்கள், இன்றைக்கே.

மருந்து வாங்கப் போகும் நாமும் கொஞ்சம் வாயைத் திறக்கலாம். மருந்துக்கடைச் சுவரில் லைசென்ஸ் மாட்டியிருக்கவேண்டும். "பார்மசிஸ்ட் இருக்காங்களா, இந்த மாத்திரை பத்தி ஒண்ணு கேக்கணும்" என்று கேட்பதில் தப்பே இல்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆடிட்டர் தந்த சான்றிதழ் என்றால் அதில் 18 இலக்க யு.டி.ஐ.என். எண் இருக்கிறதா பாருங்கள். ஆடிட்டர் அல்லாதவர்கள் போலிக் கையெழுத்து போடுவதைத் தடுக்கவே 2019 பிப்ரவரி 1 முதல் சான்றிதழ்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கழகத்தின் தளத்தில் எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். ஆய்வகத்தில் ரத்த அறிக்கை வாங்கினால் கீழே கையெழுத்திட்ட டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்கூட்டியே ஸ்கேன் செய்து ஒட்டிய கையெழுத்தோடு அறிக்கை வரும் இடங்களும் உண்டு.

ஏற்கெனவே சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டவர்கள் பதறவேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பொறுப்பு மருந்தாளுநர் மாறினால் ஒரு மாதத்துக்குள் உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டியது கடைக்காரரின் கடமை. அவர் செய்வார் என்று நம்பி இருக்காதீர்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தக் கடையில் நான் இல்லை என்று நீங்களே கடைக்கு ஒன்றும், மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒன்றுமாக எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாநில பார்மசி கவுன்சிலுக்கும் ஒரு நகல் போகட்டும். அசல் சான்றிதழ் முதலாளியின் பீரோவில் இருந்தால் எழுத்துமூலமாகத் திருப்பிக் கேளுங்கள். தரமறுத்தால் போலீசில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். போனில் மட்டும் எதையும் பேசி முடிக்காதீர்கள்.