எடைக் குறைப்பு அறுவையின்போது கல்லீரல் திசு எடுப்பது பாதுகாப்பானதா?

தலைச்சோலை, ஏற்காடு முதலிய சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேலத்திற்கு இறங்கி வருவோர், ஒப்புதல் படிவத்தில் ‘கல்லீரல் திசுப் பரிசோதனை’ என்னும் வரியைக் கண்டு தயங்குவதுண்டு. இரைப்பைக்குத்தானே அறுவை, கல்லீரலை ஏன் தொட வேண்டும் என்பது நியாயமான கேள்வியே.

உடல்பருமன் மிகுந்தோரில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். மது அருந்தாதோரும் விலக்கல்லர். 2021இல் இந்திய அரசு இந்நோயைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. கொழுப்புடன் அழற்சியும் தழும்பும் சேர்ந்தால், நாளடைவில் கல்லீரல் இறுகிச் சிரோசிஸ் ஆகலாம். இவ்வேறுபாட்டை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எப்போதும் உறுதியாகக் காட்டுவதில்லை. நுண்ணோக்கியில் காணும் திசுவே தெளிவாகக் காட்டும்.

வெளியிலிருந்து ஊசி செலுத்தித் திசு எடுக்கும்போது, உள்ளே இரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அறுவையின்போதோ நோயாளி ஏற்கெனவே மயக்கத்தில் இருக்கிறார்; லேப்ராஸ்கோப் கேமராவில் கல்லீரல் நேரே தெரிகிறது. திசு எடுத்த இடத்தை அழுத்தியோ மின்சூடு கொடுத்தோ இரத்தத்தை நிறுத்துகிறோம். நின்றதைக் கண்ட பின்னரே அறுவையை முடிக்கிறோம். இதற்குச் சில நிமிடங்களே கூடுதலாகும்.

ஆயினும், ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டோம். அரிதாகப் பின்னர் இரத்தமோ பித்தநீரோ கசியலாம். ஊசியால் எடுக்கும் திசு கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கே; ஆதலால் நோய் தென்படாமல் போவதும் உண்டு. எல்லோருக்கும் இச்சோதனை தேவையில்லை. உங்களுக்கு ஏன் தேவை என்று கேட்டறிந்தபின் கையொப்பமிடுங்கள். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளையோ நாட்டு மருந்துகளையோ உட்கொள்வோர் முன்னரே தெரிவிக்க வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

வீடு திரும்பியபின் வயிற்றுவலி மிகுதல், தலைச்சுற்றல், படபடப்பு, காய்ச்சல், கண் மஞ்சளாதல், கறுப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். மலையிலிருந்து சேலம் வர 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். எனவே, இயன்றால் முதற்சில நாள்கள் சேலத்திலுள்ள உறவினர் இல்லத்தில் தங்குவது நன்று.

திசு முடிவை மறவாமல் கேட்டுப் பெறுங்கள். எடை குறையும்போது கல்லீரலும் பெரும்பாலும் தேறுகிறது. ஆனால் தழும்பு மிகுந்தோர்க்குத் தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது.