சரணடைந்த வீரர்

யுத்தவீரர்களை அவர்கள் ஈட்டிய வெற்றிகளைக் கொண்டே நாம் மதிப்பிடுகின்றோம். அவ்வளவுகோல் போதாதென்பதை அவுஸ்திரேலியரான ஆதர் பிளக்பேர்னின் வாழ்க்கை எமக்கு உணர்த்துகின்றது.

அடிலெய்ட் நகரச் சட்டத்தரணியான அவர், 1915 இல் துருக்கியின் கல்லிப்போலியில் தரையிறங்கியவர். 1916 ஜூலையில் பிரான்ஸின் பொசியேர் சமரில் ஜேர்மனியரின் பதுங்குகுழிகளைக் கைப்பற்றி, விக்டோரியா சிலுவை விருதைப் பெற்றவர். பின்னர் அடிலெய்டில் திடீர் மரண விசாரணை அதிகாரியாகக் கடமையாற்றிய அவர், இரண்டாம் உலக யுத்தத்திலும் களமிறங்கி, 1941 இல் சிரியாவில் போரிட்டார்.

1942 இல் ஜாவாவில் சுமார் 3,000 அவுஸ்திரேலியப் படையினருக்குத் தலைமை தாங்கினார். அங்கு ஒல்லாந்தர் சரணடையவே, அவரும் ஆயுதத்தைக் கீழே வைக்க நேர்ந்தது. 1945 வரை ஜப்பானியரின் கைதியாக இருந்த அவர், 1946 இல் டோக்கியோ யுத்தக்குற்ற விசாரணையில் சாட்சியமளித்தார்.

களத்தில் காட்டிய துணிவுக்கு விருது கிடைத்தது. தோல்வியைத் தாங்கி, கைதிகளுக்கு நேர்ந்ததைச் சட்டத்தின் முன் எடுத்துரைத்த துணிவும் அதற்குக் குறைந்ததன்று என்பதே எமது கருத்தாகும்.