சில்லை கலானில் காய்ந்து கிடந்த குல்மார்க்

பனிச்சறுக்கு கத்துக்கணும்னு ஏனாத்தூரிலிருந்து ஒருத்தன் காஷ்மீர் கிளம்பினதே ஊர்ல பாதிப் பேருக்கு வேடிக்கை. போன இடத்துல பனியே இல்லைன்னு தெரிஞ்சதும் மீதிப் பேருக்கும் வேடிக்கை ஆகிடுச்சு. 2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில் நான் குல்மார்க்கில் இறங்கியபோது, படங்களில் வெள்ளையாகப் பார்த்திருந்த அந்தப் பெரிய புல்வெளி வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. வாடகைச் சறுக்குக் கட்டைகள் கடைச் சுவர்களில் சாய்ந்திருந்தன. குதிரைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஜனவரியில், குல்மார்க்கில், வெயில்!

அன்னிக்கு ராத்திரி அப்பா போன் பண்ணினார். "இன்னாடா, டிவியில காட்றான், அங்க பனியே இல்லையாமே? அப்புறம் நீ அங்க இன்னா பண்ற?"

சரியான கேள்விதான். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்பதால் இரண்டு மாதத்துக்கு தங்மார்க்கில் ஒரு அறை எடுத்திருந்தேன். குல்மார்க்குக்குக் கீழே 13 கிலோமீட்டரில் இருக்கிற ஊர் அது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துக்காரர்தான். காலையில் ஷேர் சுமோவில் மேலே போவேன், மத்தியானம் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறப்பேன். முதல் இரண்டு வாரம் சறுக்கவே இல்லை. ஏன் பனி பெய்யலைன்னு படிச்சுக்கிட்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதல்ல இடம். குல்மார்க் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர், ஏறக்குறைய அதே உயரம். ஆனால் அட்சரேகை 34 டிகிரி என்பதால் ஊட்டியில் உறைபனியோடு நின்றுபோகிற குளிர் இங்கே பனிப்பொழிவாகிறது. புல்வெளியிலிருந்து கோண்டோலா என்கிற கம்பிவடப் பெட்டி இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் கொங்தூரி, இரண்டாவது அஃபர்வாத் மலைத்தோளில் 3,900 மீட்டருக்கும் மேலே. கத்துக்குட்டிகள் புல்வெளிச் சரிவிலேயே விழுந்து எழுவார்கள். தெரிந்தவர்கள் அஃபர்வாத்திலிருந்து இறங்குவார்கள்.

காஷ்மீரிகள் குளிரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் சில்லை கலான், பெரிய குளிர். அடுத்த 20 நாள் சில்லை குர்த், சின்னக் குளிர். கடைசி 10 நாள் சில்லை பச்சா, குட்டிக் குளிர். நாம முன்பனி, பின்பனி என்று பிரித்து வைத்திருக்கிற மாதிரிதான், ஆனால் அவர்களுக்கு இது பஞ்சாங்கக் கணக்கு மட்டும் இல்லை, வரவு செலவுக் கணக்கு. சில்லை கலானில் விழுகிற பனிதான் இறுகித் தங்கும், கோடை வரைக்கும் உருகிக்கொண்டே இருக்கும். பிறகு விழுவது சீக்கிரம் ஓடிவிடும்.

அந்த வருஷம் 40 நாளில் முக்கால்வாசி வெறுமையாகப் போனது. ஜம்மு காஷ்மீரில் 2023 டிசம்பரில் மழையும் பனியும் சேர்ந்து வழக்கத்தைவிட 79 சதவீதம் குறைவு. ஜனவரி கடைசி வாரம் வரை அதைவிட மோசம். ஒமர் அப்துல்லா அப்போது பதவியில் இல்லை. குல்மார்க் படங்களைப் போட்டு, குளிர்காலத்தில் இவ்வளவு காய்ந்து தான் பார்த்ததே இல்லை, கோடை கஷ்டமாகப் போகுது என்று எழுதினார். பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் தள்ளிப்போயின. லேயில் பனிக்கட்டி மேல் ஆடும் போட்டிகள் மட்டும் நடந்தன.

காரணம் என்ன? நமக்கு வடகிழக்குப் பருவமழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. அவர்களுக்குக் குளிர்கால ஈரம் நேர் எதிர்த் திசையில், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிறது. மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலைக்காரர்கள் சொல்லும் தாழ்வழுத்தச் சுழல்கள் ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து இமயமலையில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டுகின்றன. அந்தச் சுழல்கள் மேலடுக்குக் காற்றோட்டத்தில் ஏறி வருபவை. காற்றோட்டம் வடக்கே ஒதுங்கினால் அவையும் ஒதுங்கிவிடும். அந்தக் குளிர்காலம் வந்தவை குறைவு, வந்தவையும் வலுவில்லாதவை. எல் நினோவும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லாப் பழியையும் அது மேல போட்டுடறது சுலபமான பதில். எல் நினோ வருஷங்களில் நல்ல பனி பெய்ததும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்க பக்கத்து ஏரிகள் பலதும் ததும்பிவிட்டன. கலங்கல் வழியாகத் தண்ணி ஓடிக்கொண்டிருந்த வீடியோவை அப்பா அனுப்பியிருந்தார். அதைத்தான் பயிற்சியாளர் பாயிடம் காட்டினேன். பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்க நான் பேசி வைத்திருந்தவர் அவர். ரொம்ப நேரம் பார்த்தார். "இது என்ன, அணையா?" என்றார். ஏரி, மழைக்காலத்தில் நிரப்பி நவரைப் பட்டத்துக்குத் திறந்துவிடுவோம், ஆயிரம் வருஷம் முன்னாடியே உத்திரமேரூர்ல இதுக்குன்னு ஏரி வாரியம்னு ஒரு குழு இருந்தது, கோயில் சுவர்ல கல்வெட்டா வெட்டியிருக்குன்னு என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். அவர் அஃபர்வாத்தைக் கைகாட்டி, "எங்க ஏரி அதுதான். இந்த வருஷம் அது காலி" என்றார்.

உவமைக்காக அவர் சொன்னதில்லை, கணக்கே அப்படித்தான். 10 செ.மீ. புதுப் பனியை உருக்கினால் ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீர் வரும். காற்றும் வெயிலும் அழுத்தி இறுகின பனியென்றால் மூன்று, நான்கு செ.மீ. கூட வரும். மலைமேல் எவ்வளவு உயரம் பனி நிற்கிறது என்பதைவிட அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏரிக்குக் கரையும் மதகும் இருக்கு. பனிக்கு மதகு குளிர் மட்டும்தான்.

பாய்க்குக் குளிர்காலத்து மூணு மாசச் சம்பாத்தியம்தான் வருஷத்துக்கும். நான் கொடுத்த முன்பணத்தைப் பத்தாம் நாள் திருப்பிக் கொடுக்க வந்தார். வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவருக்கு மரியாதையாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரி கடைசி நாட்களில் வந்தது. முதலில் மண்ணை மூடாத அளவு, பிறகு மாசம் மாறும் சமயத்தில் நிஜமாகவே. ஒரு காலையில் சுமோ சக்கரத்துக்குச் சங்கிலி கட்டினார்கள். வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாலு வாரத்தில் நான் கத்துக்கிட்டது, பனின்னு ஒண்ணு கிடையாது என்பதை. தமிழில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் வெளுப்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. சறுக்குக் கட்டையை மாட்டின பிறகு அந்த ஒரு சொல் போதவில்லை. கொட்டின மறுநாள் பச்சரிசி மாவு மாதிரி, முழங்கால் வரை புதையும், விழுந்தால் வலிக்காது, எழுந்திருக்கத்தான் பத்து நிமிஷம். இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு மேலே மட்டும் ஒரு ஓடு. காலையில் அந்த ஓடு கண்ணாடி மாதிரி, கட்டை பிடிக்காது, என் இடது முட்டி அதற்குச் சாட்சி. மத்தியானம் அதே சரிவு ஈரமணலாகிக் கட்டையைப் பிடித்து இழுக்கும். மேலே காற்று அடித்து ஒதுக்கின பனி பலகை மாதிரி கெட்டியாக, ஒரே துண்டாக நிற்கும். இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும்.

பனியில்லாத அந்த வாரங்களில் அஃபர்வாத்தின் நிழல் பள்ளங்களில் மெல்லிய பழைய பனி கிடந்தது. அடியில் மண் ஏறக்குறைய 0 டிகிரி, மேலே காற்று ராத்திரியில் மைனஸ் பத்துக்கும் கீழே. நடுவில் இருப்பது கொஞ்சம் பனிதான். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருந்தால் போதும், அடிப்பனியிலிருந்து நீராவி கிளம்பி மேலே இருக்கிற மணிகளில் படிந்து அவற்றைப் பட்டை தீட்டின மாதிரி பெரிசாக்கிவிடும். கையில் அள்ளிப் பார்த்தால் அஸ்கா சர்க்கரை. அமுக்கினால் உருண்டையாகாது, ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அடர்த்தியாகப் பனி பெய்த வருஷம் இது அவ்வளவாக நடக்காது, ஏன்னா பனியே போர்வை மாதிரி வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். பனி குறைந்த வருஷம்தான் அடித்தளம் கெட்டுப்போகும்.

இப்போ அந்தச் சர்க்கரை மேல, ஒரே வாரத்தில் மீட்டர் கணக்கில் புதுப் பனி. காற்று அதைப் பலகையாக்குகிறது. 30-லிருந்து 45 டிகிரி சரிவில் ஒரு ஆள் குறுக்கே போனால் அந்த எடையே போதும். அடியில் சர்க்கரை சரிய, மேல்பலகை முழுசாக உடைந்து கிளம்பும். பனி குறைவான வருஷம் ஆபத்தும் குறைவுன்னு நான் நினைச்சிருந்தது அப்படியே தலைகீழ்.

பாய் என்னைக் கொங்தூரிக்கு மேலே கூட்டிப்போகவே இல்லை. கூட வந்த இரண்டு பேர் கெஞ்சினார்கள், கூடுதல் பணம் தருவதாகவும் சொன்னார்கள். பணம் அவருக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். "அடியில் இருக்கிறது சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிப்ரவரி 22 மத்தியானம், தள்ளிப்போன கேலோ இந்தியா போட்டிகள் கீழே நடந்துகொண்டிருந்தபோது, கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவு. ரஷ்யாவிலிருந்து வந்த சறுக்கு வீரர் ஒருவர் இறந்துபோனார். மற்றவர்களை மீட்டார்கள். நான் புல்வெளியில் திரும்பக் கத்துக்கொண்டிருந்தேன், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

புதைந்தவரை முதல் 10, 15 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதுக்கப்புறம் வேகமாகச் சரிந்துவிடும். வெளியிலிருந்து உதவி வர அதைவிட நேரமாகும். அதனால்தான் கூடப் போகிறவர்கள் எல்லாரிடமும் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கணும் என்கிறார்கள். அன்னிக்கு ராத்திரி எனக்கு 2016 சியாச்சின்தான் ஞாபகம் வந்தது. பிப்ரவரி 3-ல் சோனம் முகாம் மேல் பனி சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து பேர் புதைந்தார்கள், அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தார், அவரும் 11-ஆம் தேதி போய்விட்டார். பனி எவ்வளவு கனம்னு எங்க ஊர்க்காரனுக்குக் கற்பனை பண்ணக்கூட வழியில்லாத விஷயம்.

செயற்கைப் பனி போடலாமேன்னு அப்பா கேட்டார். போடலாம். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக உத்தராகண்டின் ஔலியில் இயந்திரங்கள் வைத்தார்கள். ஆனால் அதற்கும் உறைகிற குளிரும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பனி பெய்யாத வருஷத்தில் அந்த இரண்டுமே தட்டுப்பாடு.

மார்ச் முதல் வாரம் ஊர் திரும்பினேன். நவரை பச்சையாக நின்றது. அடுத்த வருஷமும் அங்கே அதே கதை. 2025 பிப்ரவரி 22-ல் தொடங்கவேண்டிய குல்மார்க் போட்டிகள் பனியில்லாமல் மார்ச் 9-க்குத் தள்ளிப்போயின. அந்த பிப்ரவரியில் அனந்த்நாக் பக்கம் அச்சபல் முகலாயத் தோட்டத்தின் ஊற்று வற்றியது. பாய் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார், தண்ணீர் இருந்த இடத்தில் வெறும் கல்லும் பாசியும். கீழே ஒரே வரி: "உங்க ஏரி எப்படி இருக்கு?"

அரை ஏரி இருக்கு பாய், அறுவடை வரைக்கும் தாங்கும்னு பதில் போட்டேன்.